மகள் ஓட்டும் காரைக் கணவரின் பெயரில் காப்புறுதி செய்யலாமா?

ஹரோ அம்மா எழுதியது:

வணக்கம். நாங்கள் வடமேற்கு லண்டனில் ஹரோவில் வசிக்கிறோம். எங்கள் மகளுக்கு 19 வயது. ஆறு மாதங்களுக்கு முன்புதான் ஓட்டப் பரீட்சையில் சித்தியடைந்தாள். சென்ற மாதம் அவளுக்கு வாட்ஃபோர்டில் ஒரு மருந்தகத்தில் வேலை கிடைத்தது. அதிகாலையில் கிளம்ப வேண்டியிருப்பதால், அவளுக்கென்று 2015ஆம் ஆண்டின் டொயோட்டா யாரிஸ் ஒன்றை வாங்கினோம். காரைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம் என்று நினைத்திருந்தோம். காப்புறுதிக்கு விலை கேட்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான கடினம் எது என்று புரிந்தது.

மகளின் பெயரில் தனியாக எடுப்பதற்கு 2,340 பவுண் கேட்கிறார்கள். அதே காரை என் கணவரின் பெயரில் எடுத்து, மகளை 'நேம்ட் டிரைவர்' (பெயர் குறிப்பிட்ட கூடுதல் சாரதி) ஆகச் சேர்த்தால் 1,080 பவுண் என்று வருகிறது. கணவருக்கு 11 ஆண்டுகள் 'நோ கிளெய்ம்ஸ்' (நட்டஈடு கோராத ஆண்டுகளுக்கான விலைக் கழிவு) இருக்கிறது. அதையும் படிவத்தில் குறிப்பிட்டோம். "பிள்ளைகளுக்கு எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஆனால் படிவத்தில் பிரதான சாரதி யார் என்று கேட்கும் இடத்தில் கணவரின் பெயரை எழுதும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் தமது ஹோண்டாவில் வேலைக்குப் போகிறவர். யாரிஸை அவர் தொடப்போவதே இல்லை.

இன்னும் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. என் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அங்கே எட்டு ஆண்டுகள் வான் ஓட்டியவன், இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறான். வார இறுதி நாட்களில் கணவரின் ஹோண்டாவை எடுத்துச் செல்கிறான். அந்தக் காப்புறுதி 'கம்ப்ரிஹென்சிவ்', அதாவது முழுமையானது என்பதால் யார் ஓட்டினாலும் செல்லும் என்கிறார் கணவர். அது சரிதானா? இரண்டாவது, தெரிந்தவர் ஒருவர் வாட்ஸ்அப் இலக்கம் ஒன்றைத் தந்து, அந்த ஆள் மகளுக்கு 700 பவுணுக்கு எடுத்துத் தருவார் என்கிறார். நம்பலாமா?

பழைய தரகர் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் இங்கே ஒரு காப்புறுதித் தரகு அலுவலகத்தின் வாகனப் பிரிவில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவன். நீங்கள் மகளைப் பற்றி விரிவாகவும் தம்பியைப் பற்றிச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த வாரமே உங்களுக்குச் சிக்கலைக் கொண்டுவரக்கூடியது தம்பியின் விடயம்தான். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

இலங்கை அல்லது இந்திய அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் பிரித்தானியாவில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே அதைக் கொண்டு கார் ஓட்டலாம். ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் அனுமதிப்பத்திரத்தை இங்கே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இல்லை. தம்பி வந்து பதினான்கு மாதங்கள் என்றால், கடைசி இரண்டு மாதங்கள் அவர் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாமல்தான் ஓட்டியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் எட்டு ஆண்டுகள் வான் ஓட்டிய திறமையை யாரும் மறுக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் இன்று அவர் கற்றுக்கொள்பவர் மட்டுமே. 'புரொவிஷனல்' எனப்படும் கற்பவர் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எடுக்க வேண்டும்.

இனிக் காப்புறுதி. 'கம்ப்ரிஹென்சிவ்' என்ற சொல் எந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, யார் ஓட்டலாம் என்பதைச் சொல்வதில்லை. யார் ஓட்டலாம் என்பது 'சர்ட்டிஃபிகேட் ஆஃப் மோட்டார் இன்சூரன்ஸ்' என்ற அந்த ஒரு பக்கக் கடதாசியில் தனியாக எழுதப்பட்டிருக்கும். கணவரிடம் அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய பெயர் மட்டும் இருந்தால், அவர் மட்டும்தான் ஓட்டலாம். சிலருடைய பத்திரத்தில் மற்றவர்களின் கார்களை ஓட்டலாம் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அது காப்புறுதி எடுத்தவர், உரிமையாளரின் சம்மதத்துடன் பிறருடைய காரை ஓட்டுவதற்கான அனுமதி. பிறர் வந்து இவருடைய காரை ஓட்டுவதற்கான அனுமதி அல்ல. அந்த அனுமதியும்கூட வழக்கமாக மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்தை மட்டுமே ஏற்கும். பல நிறுவனங்கள் 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் அதைக் கொடுக்கின்றன. பெயர் குறிப்பிட்ட சாரதிகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை.

1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் 143ஆம் பிரிவில், காப்புறுதியில்லாமல் ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்ட அனுமதிப்பவரையும் குற்றவாளியாகவே கருதுகிறது. ஓட்டியவருக்கு 'ஐஎன்10', அனுமதித்தவருக்கு 'ஐஎன்14' என்ற குறியீடு அனுமதிப்பத்திரப் பதிவில் ஏறும். வீதியில் பிடிபட்டு அங்கேயே தண்டம் விதிக்கப்பட்டால் 300 பவுணும் அனுமதிப்பத்திரத்தில் 6 தண்டப் புள்ளிகளும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் தண்டத்துக்கு உச்சவரம்பு கிடையாது, ஓட்டுவதற்கே தடை விதிக்கவும் முடியும். காரைப் பொலிஸார் எடுத்துச் செல்லலாம். தம்பி செய்த தவறுக்கு உங்கள் கணவரின் சுத்தமான பதிவில் புள்ளிகள் ஏறும் என்பதை அவர் அறிந்திருக்கிறாரா என்று தெரியவில்லை. இத்தனை நாட்களாக வீதியிலுள்ள கமராக்கள் பிடிக்கவில்லையே என்று அவர் சொல்லக்கூடும். அந்தக் காருக்குக் காப்புறுதி இருக்கிறது என்றே கமரா ஒப்பிடும் காப்புறுதித் தரவுத்தளம் காட்டும். உள்ளே இருப்பவர் யார் என்பது, நிறுத்தி விசாரிக்கும்போதோ மோதியபிறகோதான் வெளிவரும்.

இனி மகளுக்கு வருகிறேன். பிரதான சாரதி என்பவர், அந்தக் காரை உண்மையில் அதிகமாகப் பயன்படுத்துபவர். யாருடைய பணத்தில் கார் வாங்கப்பட்டது, பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் பிரீமியம் கட்டுகிறார் என்பவையெல்லாம் வேறு கேள்விகள். தகப்பன் உரிமையாளராக இருக்கலாம், பணமும் கட்டலாம். ஆனால் மகள் தினமும் வாட்ஃபோர்டுக்கு ஓட்டிச் செல்லும் காரின் பிரதான சாரதி மகள்தான். ஓட்டாத ஒருவரைப் பிரதான சாரதியாகக் காட்டி இளம் சாரதியைப் பெயர் குறிப்பிட்ட சாரதியாகச் சேர்ப்பதைத்தான் இந்தத் தொழிலில் 'ஃப்ரண்டிங்' என்கிறார்கள். அது மோசடியாகக் கருதப்படும். படிவத்தில் எழுதத் தயங்கினீர்களே, அந்தத் தயக்கம் சரியானது.

பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதை 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் வகுத்திருக்கிறது. கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில் நியாயமான கவனம் எடுப்பது வாடிக்கையாளரின் கடமை. கவனக்குறைவால் தவறான பதில் கொடுத்திருந்தால், நிறுவனம் விகிதாசாரப்படி நட்டஈட்டைக் குறைக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தால் 2,000 பவுண் வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 1,000 மட்டும் வாங்கியிருந்தால், 4,000 பவுண் பெறுமதியான கார் அழிந்துபோனாலும் 2,000தான் கிடைக்கும். வேண்டுமென்றே அல்லது சற்றும் பொருட்படுத்தாமல் பொய் சொன்னதாக நிறுவனம் நிறுவினால், ஒப்பந்தமே இல்லாததுபோல் ரத்துச் செய்து, எதையும் கொடுக்க மறுத்து, கட்டிய பிரீமியத்தையும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் யாரிஸை அவர் தொடப்போவதே இல்லை என்று தெரிந்துகொண்டே எழுதுவது எந்த வகைக்குள் விழும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். கணவரின் 11 ஆண்டு நோ கிளெய்ம்ஸ் ஏற்கனவே ஹோண்டாவின் காப்புறுதியில் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே கழிவைப் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு காருக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். இரண்டாவது காருக்கும் அதுபோன்ற சலுகை கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஆகவே, நீங்கள் பார்த்த 1,080 என்ற விலை இரண்டு தவறான பதில்களின் மீது நின்றது. அதை 2,340உடன் ஒப்பிடுவதே பொருத்தமில்லை.

குறுக்குக்கேள்வி எழுதியது:

மேலே எழுதியவர் சட்டத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் நடைமுறை வேறு. எனக்குத் தெரிந்து பத்துக் குடும்பங்களாவது பிள்ளைகளின் கார்களைத் தகப்பன் பெயரில்தான் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருவருக்கும் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. யார் எத்தனை மைல் ஓட்டினார் என்று நிறுவனம் வீட்டு வாசலில் வந்து நின்று பார்க்கப்போகிறதா? ஆயிரத்து இருநூறு பவுணுக்கு மேல் வித்தியாசம் என்பது சாதாரணக் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல.

டூட்டிங் மாமா எழுதியது:

குறுக்குக்கேள்வித் தம்பி, ஒன்றும் நடக்காதவரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை என்பதும் உண்மை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகனின் காரை நான்தான் என் பெயரில் எடுத்திருந்தேன். நீங்கள் சொல்லும் அதே காரணத்துக்காகத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் க்ரொய்டன் பக்கத்தில் மகன் முன்னால் போன வண்டியில் மோதிவிட்டான். ஒருவருக்கும் பெரிய காயமில்லை. நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் பேசினார். மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த நேரத்தில் மகன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று கேட்டார். வேலைக்கு என்றேன். தினமும் அந்த வழியாகவா போகிறான் என்று கேட்டார். ஆம் என்றேன். அப்படியென்றால் நீங்கள் வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டார். நான் டூட்டிங் பிரோட்வேயிலிருந்து நோர்தேர்ன் லைன் ரயிலில் போகிறவன். அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடித்தபோதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கே புரிந்தது.

காப்புறுதியை ரத்துச் செய்துவிட்டார்கள். எங்கள் காருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. மற்றவருடைய வண்டியின் சேதத்தை நிறுவனம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைத் திருப்பித் தரும்படி எனக்குக் கடிதம் அனுப்பியது. அதைத் தவணையில் கட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதைவிடப் பெரிய தலையிடி பிறகுதான் தொடங்கியது. எந்தப் படிவத்தை நிரப்பினாலும், "உங்கள் காப்புறுதியை எந்த நிறுவனமாவது ரத்துச் செய்திருக்கிறதா" என்ற கேள்வி வருகிறது. ஆம் என்று குறித்தவுடனே பாதி நிறுவனங்கள் விலையே சொல்வதில்லை. மகனுக்காகச் செய்த வேலையால் இன்று என்னுடைய சொந்தக் காருக்கே நான் கூடுதலாகக் கட்டுகிறேன்.

மில்டன் கீன்ஸ் வாசி எழுதியது:

அக்கா, வணக்கம். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்தவன். நீங்கள் காப்புறுதி என்று எழுதுவதை நாங்கள் காப்பீடு என்போம், உங்கள் சாரதி எங்களுக்கு ஓட்டுநர். சொல் மாறினாலும் இங்கே வந்து முதலில் தடுமாறிய இடம் நம் இரு பக்கத்தாருக்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்தியாவில் காப்பீடு வண்டியோடு போகிறது. பாலிசியின் ஓட்டுநர் விதியே, செல்லுபடியாகும் உரிமம் வைத்திருக்கும் எவரும் ஓட்டலாம் என்கிற மாதிரிதான் எழுதப்பட்டிருக்கும். சித்தப்பா வந்தால் சாவியைக் கொடுத்துவிடுவோம், மாமா வந்தால் கொடுத்துவிடுவோம். இந்த நாட்டில் காப்பீடு ஆளோடு போகிறது. உங்கள் கணவரின் எண்ணம் அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் முதல் வருடம் நண்பனின் காரை அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

பழைய தரகர் ஐயா என்ன செய்யக்கூடாது என்பதைச் சொல்லிவிட்டார். விலையை நேர்மையாகக் குறைப்பது பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முதல் வேலை, அந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போடுங்கள். மகளைப் பிரதான ஓட்டுநராக வைத்து, உங்களை அவளுடைய பாலிசியில் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநராகச் சேர்த்து விலை கேளுங்கள். நீங்கள் எப்போதாவது கடைக்குப் போக அந்த யாரிஸை உண்மையிலேயே எடுப்பீர்கள் என்றால் அதில் எந்தத் தவறும் இல்லை. அனுபவமுள்ள ஒருவர் சேர்ந்தால் பல நிறுவனங்களின் கணக்கில் ஆபத்து குறைகிறது; விலையும் குறைகிறது. சேர்ப்பதால் விலை கூடும் நிறுவனங்களும் உண்டு. உங்களைச் சேர்த்து ஒரு முறை, கணவரைச் சேர்த்து ஒரு முறை, இருவரையும் சேர்த்து ஒரு முறை என்று பார்த்தால்தான் தெரியும். அம்மாவைச் சேர்த்தால் பெண் ஓட்டுநர் என்பதற்காகக் குறையும் என்று சிலர் இன்னும் சொல்வார்கள். அது பழைய கதை. ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பின்படி 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்று பார்த்து விலை வைக்கக்கூடாது.

அடுத்தது 'பிளாக் பாக்ஸ்'. காரில் ஒரு கருவியையோ கைபேசியில் ஒரு செயலியையோ வைத்து, வேகம், பிரேக் பிடிக்கும் விதம், ஓட்டும் நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்வார்கள். புதிதாகத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு இதுதான் பெரும்பாலும் பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கிறது. ஆனால் கட்டுப்பாடுகளைப் படியுங்கள். சில பாலிசிகளில் இரவு நேர ஓட்டத்துக்கு மதிப்பெண் குறையும். மதிப்பெண் மிகவும் இறங்கினால் பாலிசியையே ரத்துச் செய்வார்கள். நீங்கள் அந்தக் காரை எடுக்கும்போது போடும் திடீர் பிரேக்கும் மகளின் கணக்கில்தான் சேரும் என்பதையும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பிக்கும் நாளுக்கு முந்தைய நாள் போய் நிற்காதீர்கள். மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பு கேட்டால் விலை குறைவாகவும், நாள் நெருங்க நெருங்க அதிகமாகவும் இருப்பதை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். மாதத் தவணை என்பது கடன். அதற்கு வட்டி உண்டு. முடிந்தால் மொத்தமாகக் கட்டுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தால் மலிவு என்று நினைக்க வேண்டாம். பல நேரங்களில் அதுதான் விலை கூடியதாக வருகிறது. 'வாலண்டரி எக்ஸஸ்' (இழப்பீடு கேட்கும்போது நாமே விரும்பி ஏற்கும் தொகை) என்பதை உயர்த்தினால் பிரீமியம் இறங்கும். ஆனால் இளம் ஓட்டுநர்களுக்குக் கட்டாய எக்ஸஸே அதிகம். இரண்டையும் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையை மோதிய மறுநாள் கையிலிருந்து எடுத்து வைக்க முடியுமா என்று யோசித்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

பயன்பாட்டு வகையை மறந்துவிட வேண்டாம். 'சோஷியல்' மட்டும் என்று குறித்தால் தினசரி வேலைக்குப் போவது அதில் அடங்காது. 'கம்யூட்டிங்' சேர்க்க வேண்டும். மருந்தகத்திலிருந்து வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால் அதற்கும் தனி அனுமதி தேவை. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

அந்த வாட்ஸ்அப் ஆளை மட்டும் தயவு செய்து தொடாதீர்கள். 'கோஸ்ட் புரோக்கர்' என்று இங்கே பெயர். அவர்கள் பொய்யான வயதையும் முகவரியையும் கொடுத்து உண்மையான பாலிசி ஒன்றை எடுத்து, பத்திரத்தில் எழுத்தை மாற்றி உங்களுக்கு அனுப்புவார்கள். அல்லது உங்கள் பணத்தை வாங்கி பாலிசி எடுத்துவிட்டு, சில நாட்களில் ரத்துச் செய்து திரும்பி வரும் பணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். மாட்டுவது உங்கள் மகள்தான். தேர்ச்சி பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் ஏறினால் உரிமம் ரத்து. எழுத்துத் தேர்விலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். காப்பீடு இல்லாமல் ஓட்டுவதற்கு ஒரே தடவையில் 6 புள்ளிகள் என்பதை மேலே ஐயா எழுதியிருக்கிறார். தரகர் யாராக இருந்தாலும் காப்பீட்டு நிறுவனங்களையும் தரகர்களையும் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்தின் (எஃப்சிஏ) பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

டூட்டிங் மாமா சொன்னதை வாசித்தேன். அந்த மூன்று கேள்விகளை எங்கள் வீட்டில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஒரு சந்தேகம்: நானும் மனைவியும் ஒரே காரை ஏறக்குறைய சமமாக ஓட்டுகிறோம். இருவரில் யாரைப் பிரதான சாரதியாகக் காட்டுவது? மலிவாக வருபவரைக் காட்டினால் அதுவும் ஃப்ரண்டிங் ஆகுமா?

பழைய தரகர் எழுதியது:

இருவரும் உண்மையிலேயே சமமாக ஓட்டினால் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து அப்படியே சொல்லுங்கள்; யாரை முதலில் வைப்பது என்று அவர்களே சொல்வார்கள், அந்த உரையாடலும் பதிவாகியிருக்கும். சமமாக இருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கும், ஓட்டாத ஒருவரைக் காட்டுவதற்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. ஆண்டின் நடுவில் நிலைமை மாறினால், உதாரணமாக மனைவி புது வேலைக்குத் தினமும் அதில் போகத் தொடங்கினால், உடனே அறிவித்து மாற்றிக்கொள்ளுங்கள். சிறிய நிர்வாகக் கட்டணம் கேட்பார்கள்.

விலை வித்தியாசம் பெரிது என்ற உங்கள் வாதத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. பெயர் குறிப்பிட்ட சாரதிக்கு நோ கிளெய்ம்ஸ் பொதுவாகச் சேர்வதில்லை. சில நிறுவனங்கள் தங்களிடமே அடுத்த காப்புறுதியை எடுத்தால் அந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கும். வேறு நிறுவனம் எடுக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஹரோ அம்மாவின் மகள் நான்கு ஆண்டுகள் தகப்பனின் காப்புறுதியில் ஓட்டினால், 23 வயதில் பூச்சியத்திலிருந்து தொடங்குவாள். சொந்தப் பெயரில் இன்று தொடங்கினால், விபத்தில்லாத ஒவ்வோர் ஆண்டும் அவளுக்கே சேரும். முதல் ஆண்டின் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

புதுப்பிப்பு பற்றி மில்டன் கீன்ஸ் வாசி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2022 ஜனவரி 1 முதல், பழைய வாடிக்கையாளருக்குப் புதுப்பிக்கும்போது, அதே வழியில் வரும் புதிய வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விலையைவிடக் கூட்டிக் கேட்கக்கூடாது என்று நிதி நடத்தை ஆணையம் விதித்திருக்கிறது. அதனால் விசுவாசத்துக்குத் தண்டனை கொடுக்கும் வழக்கம் நின்றது. அதற்காக உங்கள் நிறுவனம்தான் சந்தையில் மலிவானது என்று பொருளில்லை. பக்கத்து நிறுவனம் அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாம். கட்டும் தொகைக்குள் 12 சதவீதம் காப்புறுதி வரியும் அடங்கியிருக்கிறது. அதில் யாராலும் பேரம் பேச முடியாது.

நிறுவனம் நியாயமில்லாமல் ஃப்ரண்டிங் என்று குற்றம் சாட்டினால், முதலில் அவர்களிடமே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அவர்களுக்கு எட்டு வாரங்கள் அவகாசம். அவர்களுடைய இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், அது கிடைத்து ஆறு மாதங்களுக்குள் நிதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. உண்மையான தகராறுகளில் வாடிக்கையாளர் வென்றதை நான் பார்த்திருக்கிறேன். டூட்டிங் மாமா தொலைபேசியில் சொன்னது போன்ற பதில்களுக்குப் பிறகு அங்கே போய்ப் பயனில்லை.

ஹரோ அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டூட்டிங் மாமாவின் அனுபவத்தைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், அலுமாரியிலிருந்து ஹோண்டாவின் பத்திரத்தை எடுத்து வந்தார். சாரதிகள் என்ற இடத்தில் அவருடைய பெயரும் என்னுடைய பெயரும் மட்டுமே இருக்கின்றன. தம்பியிடமிருந்து சாவியை அன்றைக்கே வாங்கிவிட்டோம். முதலில் அவனுக்குக் கோபம். பிறகு புரொவிஷனலுக்கு அவனே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டான்.

யாரிஸைப் பொறுத்தவரை, மகளைப் பிரதான சாரதியாக வைத்து, கம்யூட்டிங்கையும் சேர்த்துத் திரும்பக் கேட்டோம். என்னை மட்டும் சேர்த்தபோது 1,910 பவுண் வந்தது. கணவரையும் சேர்த்தால் கூடுதலாக 30 பவுண் கேட்டார்கள். அவர் அதை ஓட்டப்போவதும் இல்லை, ஆகவே சேர்க்கவில்லை. பிளாக் பாக்ஸுடன் 1,585 பவுணுக்கு ஒரு நிறுவனம் கொடுத்தது, அதையே எடுத்தோம். மகள் இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஓட்டுவதை அந்த நிறுவனம் விரும்புவதில்லை. நானும் விரும்புவதில்லை என்பதால் அதில் வீட்டுக்குள் ஒரு கருத்து வேறுபாடும் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. தம்பிக்குப் புரொவிஷனல் வந்தபிறகு ஹோண்டாவில் பழக்கலாமா? ஓட்டத் தெரிந்தவன், இங்குள்ள வீதிகளுக்கும் பரீட்சைக்கும் பழகினால் போதும்.

பழைய தரகர் எழுதியது:

பழக்கலாம். பக்கத்தில் இருப்பவர் 21 வயதுக்கு மேற்பட்டவராக, முழு அனுமதிப்பத்திரம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆனவராக இருக்க வேண்டும். கணவர் பொருந்துவார், மகள் பொருந்தமாட்டாள். தம்பியைக் கணவரின் காப்புறுதியில் கற்பவராகச் சேர்ப்பதைவிட, கற்பவர்களுக்கென்று சில நாட்களுக்கோ மாதங்களுக்கோ விற்கப்படும் தனிக் குறுங்காலக் காப்புறுதியைத் தம்பியின் பெயரில் எடுப்பது நல்லது. ஏதாவது நடந்தாலும் கோரிக்கை அந்தக் காப்புறுதியில்தான் போகும். அந்த வகைகள் பெரும்பாலும் உரிமையாளரின் நோ கிளெய்ம்ஸைத் தொடாதபடிதான் எழுதப்பட்டிருக்கும், ஆயினும் வாங்குமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

காரின் முன்னும் பின்னும், ஓட்டுபவர் கற்பவர் என்று காட்டும் 'எல்' பலகை கட்டாயம். யாழ்ப்பாணத்தில் எட்டு ஆண்டுகள் ஓட்டியவருக்கு அது சற்று வெட்கமாக இருக்கும்தான். மோட்டார்வேயில் ஏற வேண்டாம். 2018 ஜூன் முதல் கற்பவர்கள் அங்கே ஓட்ட அனுமதி உண்டு, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்றுநருடன், இரட்டைக் கட்டுப்பாடுள்ள காரில் மட்டும். பரீட்சையில் சித்தியடைந்த அந்த நிமிடமே கற்பவர் காப்புறுதி முடிந்துவிடும் என்பதால், பரீட்சை நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது கணவரே ஓட்டட்டும்.